வழுக்கை யார் வீட்டுச் சீதனம்?

பாலாற்றில் அன்றைக்கு வெள்ளம் வராமல் இருந்திருந்தால் ஜவ்வாது மலையின் சரித்திரமே வேறாகப் போயிருக்கும்.

வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என்ற மூன்று மாவட்டங்களிலும் கால் நீட்டிப் படுத்திருக்கிற மலை அது. போளூர்ப் பக்கமிருந்து ஏறினாலும் சரி, ஆலங்காயம் பக்கமிருந்து ஏறினாலும் சரி, ஜமுனாமரத்தூர் போய்ச் சேரலாம். அங்கே வாழ்கிற ஜனங்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மலையை ஆளுகிறவர்கள் மலையாளிகள், அவ்வளவுதான். பேசுவது தமிழ், விளைவிப்பது சாமை. தங்கள் முன்னோர் காஞ்சீபுரத்திலிருந்து வந்த காரைக்காட்டு வேளாளர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். எப்படி வந்தார்கள் என்பதற்கு ஒரு கர்ண பரம்பரைக் கதை இருக்கிறது. பழைய வட ஆற்காடு ஜில்லாவைப் பற்றி வெள்ளைக்கார அதிகாரிகள் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் எழுதிய புத்தகத்தில் அது பதிவாகியிருக்கிறது. சென்னை மியூசியத்துக்குத் தலைவராக இருந்த தர்ஸ்டன் துரை 1909-ல் வெளியிட்ட தென்னிந்திய ஜாதிகளைப் பற்றிய ஏழு பாகத் தொகுதியிலும் அதை எடுத்துச் சேர்த்திருக்கிறார்.

கதைக்கு ஆண்டு கூடக் கொடுத்திருக்கிறார்கள்: சகாப்தம் 1055. அதாவது கி.பி. 1132 வாக்கில். சோழ நாட்டில் விக்கிரம சோழன் ஆண்டுகொண்டிருந்த காலம். கங்குந்தி என்ற ஊரைச் சேர்ந்த வேடர்கள் காஞ்சீபுரத்துக் காரைக்காட்டு வேளாளர்களிடம் வந்து பெண் கேட்டார்கள். கங்குந்தி இப்போது ஆந்திராவில், குப்பத்துக்கு அருகே இருக்கிறது. வேளாளர்கள் பெண் கொடுக்க மறுத்துவிட்டார்கள். வேடர்கள் சும்மா இருப்பார்களா? ஏழு கன்னிப் பெண்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களை மீட்டு வருவதற்காக ஏழு ஆண்கள் புறப்பட்டார்கள். கூடவே நாய்களும் போயின. புறப்படும்போது மனைவிமார்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள்: நாய்கள் மட்டும் தனியாகத் திரும்பி வந்தால் நாங்கள் மாண்டோம் என்று வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய கருமாதியைச் செய்துவிடுங்கள்.

பாலாற்றில் வெள்ளம். மனிதர்கள் எப்படியோ நீந்திக் கரையேறினார்கள். நாய்கள் பாதி ஆறு வரையில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி, காஞ்சீபுரத்துக்கே வந்துவிட்டன. வீட்டிலே கருமாதி நடந்தது. ஏழு பேரும் போன காரியத்தை முடித்து, பெண்களைத் தூக்கிப் போன வேடர்களைக் கொன்றுவிட்டு ஊர் திரும்பினால், அங்கே அவர்கள் செத்துப் போனவர்கள்! மனைவிமார்கள் விதவைகள். எள்ளும் தண்ணீரும் இறைத்தாகிவிட்டது. ஜாதியில் சேர்த்துக்கொள்ள இடமில்லை. என்ன செய்வார்கள்? வேடர் குலத்துப் பெண்களையே கல்யாணம் செய்துகொண்டு, ஜவ்வாது மலை ஏறி, காட்டைத் திருத்தி உழுது பிழைத்தார்கள். அவர்கள் வம்சமே மலையாளிகள்.

சேர்வராயன் மலை, கொல்லி மலை இவற்றில் வழங்குகிற கதையில் காஞ்சியிலிருந்து வந்தவர்கள் மூன்று சகோதரர்கள். எந்தக் கதையானாலும் மலை ஏறி வந்தவர்கள் ஆண்கள். அங்கே போய்ப் பெண் எடுத்தார்கள்.

இது கதையே ஒழிய சாசனம் அல்ல. ஆனால் வழுக்கைத் தலையைப் பற்றி எழுத உட்கார்ந்தவனுக்கு இதைவிட நல்ல உதாரணம் அகப்படாது. நான் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதாக வாசகர்கள் நினைக்கலாம். கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். வழுக்கை பரம்பரையாக வருவதா, வருமானால் தகப்பன் வழியிலா தாய் வழியிலா, வராமல் தடுக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை தேடினால், கடைசியில் அந்த ஏழு வேடர் பெண்களிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

நம் வீடுகளில் இந்தக் கேள்வி எப்போது எழும்? பிள்ளைக்கு வயது இருபத்தைந்து ஆகி, பெண் பார்க்க ஆரம்பித்த பிறகு எழும். சீப்பிலே முடி வந்தால் அதுவரையில் அது அவன் கவலை. அதன் பிறகு குடும்பத்தின் கவலை. புகைப்படக்காரர் பக்கவாட்டில் நிற்க வைத்துப் படம் எடுக்கிறார். "உங்கள் அண்ணன் தலை அப்படியே வந்திருக்கிறது" என்று அப்பா அம்மாவைப் பார்த்துச் சொல்கிறார். "உங்கள் தலைக்கு மட்டும் என்னவாம்?" என்று அம்மா திருப்பிக் கேட்கிறாள். வழுக்கை விழுந்தவன் கையில் பணம் தங்கும் என்று பாட்டி சமாதானம் சொல்கிறாள். பிள்ளை ஒன்றும் பேசாமல் எண்ணெய்ப் புட்டியைத் தேடிக்கொண்டு போகிறான். பார்க்கப்போனால் இது சொத்து வழக்குத்தான். அசையும் சொத்து, அசையாச் சொத்து என்று பாகம் பிரிக்கும்போது எல்லோருக்கும் பங்கு வேண்டும். இந்தச் சொத்து மட்டும் எதிர்த் தரப்பு வீட்டிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும்!

மனிதன் இந்த வழக்கை நெடுங்காலமாக நடத்தி வருகிறான். கி.மு. 1550 வாக்கில் எழுதப்பட்ட எகிப்திய வைத்தியச் சுவடி ஒன்றில் வழுக்கைக்கு மருந்து சொல்லியிருக்கிறது. சிங்கம், நீர்யானை, முதலை, பூனை, பாம்பு, வரையாடு ஆகிய ஆறின் கொழுப்பையும் சேர்த்துத் தலையில் பூச வேண்டுமாம். இந்த மருந்தைச் சேகரிக்கப் போகிறவனுக்குத் தலை மிஞ்சுமா என்பதே சந்தேகம். ஜூலியஸ் சீசருக்கு ரோமாபுரியின் மகாசபை அளித்த மரியாதைகளிலே, எப்போதும் தலையில் இலை மாலை சூடிக்கொள்ளலாம் என்ற உரிமைதான் அவருக்கு மிகவும் பிடித்திருந்தது என்று சரித்திரக்காரர் சூட்டோனியஸ் எழுதிவைத்திருக்கிறார். பிரான்ஸ் தேசத்துப் பதின்மூன்றாம் லூயி இளம் வயதிலேயே தலைமுடி கொட்டிப்போய்ப் பொய்முடி வைத்துக்கொண்டார். அரசன் வைத்துக்கொண்டால் அரசவை சும்மா இருக்குமா? ஒரு மனிதனுடைய சங்கடம் ஐரோப்பாவுக்கே நாகரிகமாகிவிட்டது.

நம் நாட்டு வைத்தியர்கள் இதைவிட நிதானமாகப் பார்த்திருக்கிறார்கள். இந்திரலுப்தம் என்று ஒன்று, கலித்யம் என்று ஒன்று. முன்னது திடீரென்று வட்டமாக முடி போவது; நாம் புழுவெட்டு என்கிறோமே, அது. பின்னது படிப்படியாகக் கொட்டி வழுக்கையாவது. சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த வாக்படர் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லிவிட்டார். இன்றைய தோல் வைத்தியர் முதலில் செய்கிற காரியமும் அதேதான். தமிழ்ப் புலவர்களோ வழுக்கையை அதிகம் பொருட்படுத்தவில்லை. அவர்களுக்கு நரைதான் விஷயம். வயதாகியும் நரைக்கவில்லையே, ஏன் என்று கேட்டதற்குப் பிசிராந்தையார் நல்ல மனைவி, நல்ல மக்கள், நல்ல அரசன், நல்ல ஊர் என்று காரணம் சொன்ன கதை எல்லோருக்கும் தெரியும்.

தமிழன் வழுக்கையைப் பொருட்படுத்தாததற்கு எனக்கு வேறொரு காரணமும் தோன்றுகிறது. அது குடுமி. வழுக்கை எங்கே ஆரம்பிக்கிறது? நெற்றிப் பொட்டின் இரு பக்கமும். குடுமி வைத்திருந்தவர்கள் அந்த இடத்தைத்தான் மழித்துக்கொண்டார்கள். நாவிதர் மழித்தாரா, இயற்கை மழித்ததா என்று யார் கண்டார்கள்? உச்சியிலும் கொட்டிக் குடுமி எலிவால் ஆகிறபோதுதான் விஷயம் வெளியே தெரியும். அதற்குள் அவருக்குப் பேரன் பிறந்திருப்பான். ஜப்பானியர்களும் ஒரு காலத்தில் முன்தலையை மழித்துப் பின்னால் முடிந்துகொண்டிருந்தார்கள். 1871-ல் அவர்கள் அரசாங்கம், முடிச்சு வேண்டாம், வெட்டிக்கொள்ளலாம் என்று உத்தரவு போட்டது. நம்மிடம் உத்தரவு ஒன்றும் வரவில்லை. பள்ளிக்கூடமும் கச்சேரி உத்தியோகமும் வந்தன. 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் குடுமி போய்க் கிராப்பு வந்தது. கிராப்போடு கூடவே நெற்றியும் வெளியே வந்தது. நெற்றி தெரிந்ததும், அது எவ்வளவு தூரம் பின்னால் போயிருக்கிறது என்று அளந்து பார்க்கக் கண்ணாடியும் சீப்பும் வந்தன. வழுக்கை புதிதாக வந்ததல்ல; அதை மறைத்த வழக்கம்தான் போய்விட்டது.

இனி விஞ்ஞானிகளிடம் வருவோம். வழக்கில் முதல் சாட்சியம் கிரேக்கர்களுடையது. ஆண்மை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்று கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே ஹிப்போகிரேட்டஸின் பெயரால் வழங்கும் நூலில் குறித்திருக்கிறது. அரிஸ்டாட்டிலும் அதையே சொன்னார். பார்த்ததைச் சரியாகப் பார்த்தார்கள், காரணம்தான் பிடிபடவில்லை. அதன் பிறகு இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் அந்த வாக்கியம் புத்தகத்தில் தூங்கியது.

அதைத் தட்டி எழுப்பியவர் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்கர். 1942-ல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சிதான் இந்த விஷயத்தில் அஸ்திவாரம். பருவம் அடைவதற்கு முன்பே ஆண்மைச் சுரப்பிகளை இழந்தவர்களை அவர் தேடிப் பிடித்துப் பல வருஷம் கவனித்தார். (அந்தக் காலத்தில் அமெரிக்காவின் சில மாகாணங்களில் விடுதிகளில் அடைபட்டிருந்த மனநோயாளிகளுக்குச் சட்டத்தின் பெயராலேயே இப்படிச் செய்தார்கள். அந்தக் கொடுமை தனிக் கதை.) அவர்களில் ஒருவருக்கும் வழுக்கை விழவில்லை. பிறகு அவர்களில் சிலருக்கு ஆண் சுரப்புநீரை, டெஸ்டோஸ்டிரோன் என்பதை, மருந்தாகக் கொடுத்தார். இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு முடி கொட்ட ஆரம்பித்தது. குடும்பத்தில் வழுக்கை இல்லாதவர்கள் அதே மருந்தை வாங்கிக்கொண்டும் தலைமுடியோடு இருந்தார்கள். மருந்தை நிறுத்தியதும் கொட்டுவது நின்றது. கொட்டிப் போனது திரும்பவில்லை.

ஆகவே இரண்டு கைகள் சேர்ந்தால்தான் ஓசை. பரம்பரை விதை போட வேண்டும். ஆண் சுரப்புநீர் தண்ணீர் விட வேண்டும். நிலத்தில் விதை இல்லையென்றால் எவ்வளவு மழை பெய்தாலும் முளைக்காது. வழுக்கை விழுந்தவனுக்கு ஆண்மை அதிகம் என்று சில பேர் மீசையை முறுக்கிக்கொள்கிறார்களே, அதுவும் இதனால் அடிபட்டுப் போகிறது. சுரப்புநீர் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான். அதைக் கண்டு மிரளுகிற மயிர்க்கால் ஒருவனுக்கு இருக்கிறது, மற்றவனுக்கு இல்லை.

மயிர்க்காலில் நடப்பது என்ன? தலையில் சுமார் 1,00,000 முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் இரண்டு முதல் ஆறு வருஷம் வரையில் வளரும். பிறகு மூன்று மாதம் போல் ஓய்வு எடுத்துக்கொண்டு உதிரும். அந்த இடத்தில் புதியது முளைக்கும். தினம் ஐம்பது முதல் நூறு முடி உதிர்வது யாருக்கும் சகஜம். பரம்பரை உள்ளவனுக்கு என்ன ஆகிறதென்றால், வளரும் காலம் வர வரக் குறைகிறது. ஆறு வருஷம் வளர்ந்தது மூன்று வருஷம், பிறகு ஒரு வருஷம், பிறகு சில மாதம். முடியும் ஒவ்வொரு முறையும் மெலிந்து, கடைசியில் பூனைமுடியாகிவிடுகிறது. வழுக்கைத் தலையை வெயிலில் உற்றுப் பார்த்தால் அந்தப் பூனைமுடி தெரியும். மயிர்க்கால் சாகவில்லை, சிறுத்துப் போயிருக்கிறது.

இனி பரம்பரை யார் வழி என்ற சண்டை. 1916-ல் டோரதி ஆஸ்பர்ன் என்ற பெண்மணி, பல குடும்பங்களின் வம்சாவளியைக் கேட்டு எழுதி ஒரு முடிவு சொன்னார். வழுக்கைக்குக் காரணம் ஒரே ஒரு அம்சம். ஆணுக்கு அது தாய் தகப்பன் யாராவது ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், பெண்ணுக்கோ இருவரிடமிருந்தும் வந்தால்தான் தலைகாட்டும் என்றார். கேட்க அழகாக, கணக்குப் போடச் சுலபமாக இருந்ததால் பாடப் புத்தகங்கள் பல பத்தாண்டுகள் அதையே ஒப்பித்தன. வாழ்க்கை அவ்வளவு சுலபமாக இல்லை. 2001-ல் ஆஸ்திரேலியாவில் எல்லிஸ் என்பவரும் கூட்டாளிகளும் ஒரு மரபணுவைப் பிடித்தார்கள். ஆண் சுரப்புநீரை உயிரணுவுக்குள் வரவேற்கிற வாயிற்காப்போன் ஒருவன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனை உண்டாக்குகிற மரபணு அது. அதற்கும் வழுக்கைக்கும் தொடர்பு இருப்பது தெரிந்தது. ஜெர்மனியில் பான் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2005-ல் அதை உறுதிப்படுத்தினார்கள். அந்த மரபணு இருக்கும் இடம் எக்ஸ் குரோமோசோம்.

இதன் பொருள் என்ன? ஆண் பிள்ளைக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதைத் தகப்பன் கொடுப்பதில்லை. தகப்பன் கொடுப்பது ஒய். எக்ஸ் முழுக்க முழுக்கத் தாய் கொடுத்தது. தாய்க்கு அது அவள் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு வந்திருக்கும். அவற்றிலிருந்து பிள்ளைக்கு ஒன்று போகும். "தாய்வழித் தாத்தா தலையைப் பார்" என்கிற பேச்சில் பாதி உண்மை இப்படி இருக்கிறது. பாதிதான்! ஏனென்றால் வழுக்கைக்கு மரபணு ஒன்றல்ல. 2017-ல் பிரிட்டனில் 52,000-க்கு மேற்பட்ட ஆண்களின் மரபணுத் தகவலை அலசிப் பார்த்ததில் 287 இடங்கள் தென்பட்டன. அவற்றில் எக்ஸில் இருப்பவை 40. மீதியெல்லாம் தாய் தகப்பன் இருவரும் கொடுக்கிற மற்றக் குரோமோசோம்களில் சிதறிக் கிடக்கின்றன. தனியாக எடுத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் பெரிய கை எக்ஸில் இருக்கிற அந்த ஒன்றுக்குத்தான். மற்றவை சில்லறை, ஆனால் சில்லறை சேர்ந்தால் ரூபாய். ஆஸ்திரேலிய இரட்டையர்களை வைத்து 2003-ல் பார்த்த கணக்கு, இளம் வயது வழுக்கையில் மனிதனுக்கு மனிதன் காணும் வித்தியாசத்தில் சுமார் 80 சதவிகிதம் பரம்பரையின் வேலை என்று சொல்கிறது.

இப்போது ஜவ்வாது மலைக்குத் திரும்புவோம். கதையை உண்மை என்றே வைத்துக்கொள்வோம். ஏழு வேளாளர்களுக்கும் வேடர் பெண்களுக்கும் பிள்ளைகள் பிறந்தார்கள். குலம் தகப்பன் குலம், பெயர் காரைக்காட்டு வேளாளர் என்று மலையில் நிலைத்தது. ஆனால் அந்த முதல் தலைமுறை ஆண் பிள்ளை ஒவ்வொருவனும் சுமந்த எக்ஸ், வேடர் வீட்டு எக்ஸ். காஞ்சீபுரத்திலிருந்து வந்த எக்ஸ் ஒன்று கூட எந்தப் பையனுக்கும் போய்ச் சேரவில்லை; அவ்வளவும் பெண் குழந்தைகளுக்குப் போயிற்று. நாற்பது வயதில் ஒருவனுக்கு முன்தலை ஏறியிருந்தால், "காஞ்சிபுரத்து அப்பன் தலை அப்படியே" என்று மலையில் யாராவது சொல்லியிருப்பார்கள். சொத்தில் பெரிய பங்கு கங்குந்தி வேடனுடையதாக இருந்திருக்கலாம். அதே குலத்து ஆட்களைத்தான் ஏழு பேரும் போய் வெட்டிவிட்டு வந்திருந்தார்கள். வெட்டியவர்களின் பிள்ளைகள், வெட்டுப்பட்டவர்களின் குலத்துத் தலையோடு சாமைக் கொல்லையில் நின்றிருப்பார்கள். காஞ்சித் தலை அந்தத் தலைமுறையில் பெண்களிடம் ஒளிந்திருந்து, பேரன்களிடம் வெளிப்பட்டிருக்கும். மூன்றாவது தலைமுறைக்குப் பிறகு எது வேடர் தலை, எது வேளாளர் தலை என்று பிரிக்க பிரம்மாவாலும் ஆகாது.

சரி, தடுக்க முடியுமா? இதற்கு விடை கிடைத்ததும் ஒரு கிராமத்தில்தான். நம் ஊரில் அல்ல, கரீபியன் கடலில் உள்ள டொமினிகன் குடியரசில். சாலினாஸ் என்ற ஒதுக்குப்புறமான ஊரில் சில குடும்பங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்து வந்தார்கள். அங்கே சில குழந்தைகள் பார்வைக்குப் பெண்ணாகப் பிறந்து, பெண்ணாகவே வளர்ந்து, பன்னிரண்டு வயதுவாக்கில் ஆணாக மாறின. ஊரார் அதற்கு ஒரு பெயர் வைத்து, ஏற்றுக்கொண்டு, அதன் போக்கில் விட்டுவிட்டார்கள். ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லி என்ற பெண் டாக்டர் அங்கே போய் ஆராய்ந்து 1974-ல் காரணத்தை வெளியிட்டார். டெஸ்டோஸ்டிரோனை இன்னும் வீரியமான டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோனாக மாற்றுகிற நொதி ஒன்று அவர்களுக்குக் குறைவு. கர்ப்பத்தில் ஆண் உறுப்பு உருவாவதற்கு இந்த வீரியச் சரக்குத்தான் வேண்டும். அது இல்லாததால் பெண் போலப் பிறந்தார்கள். பெரியவர்களான பிறகு அவர்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி சிறிதாக இருந்தது. நெற்றி ஏறவே இல்லை!

ஒரு மருந்துக் கம்பெனிக்கு இது போதாதா? அந்த நொதியைத் தடுக்கிற பினாஸ்டரைடு என்ற மருந்தைச் செய்தார்கள். 1992-ல் புராஸ்டேட் வீக்கத்துக்கு அமெரிக்க அரசாங்கம் அனுமதி கொடுத்தது. 1997-ல் சிறிய அளவில், அதாவது ஒரு மில்லிகிராம் மாத்திரையாக, வழுக்கைக்கும் கொடுத்தது. பலருக்கு முடி கொட்டுவதை அது நிறுத்துகிறது. சிலருக்குக் கொஞ்சம் முளைக்கவும் செய்கிறது. சாப்பிடுகிற வரையில்தான். நிறுத்தினால் ஒரு வருஷத்துக்குள் பழைய நிலை. சிலருக்கு இல்லற நாட்டம் குறைகிறது, மனச்சோர்வு வருகிறது என்ற புகார்களும் உண்டு. டாக்டரைக் கேட்காமல் கடையில் வாங்கி விழுங்குகிற சரக்கல்ல. கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைக் கையால் தொடவும் கூடாது என்று எச்சரிக்கிறார்கள். வயிற்றில் இருப்பது ஆணாக இருந்தால் என்ன ஆகும் என்பதைச் சாலினாஸ் குழந்தைகள் சொல்லிவிட்டார்கள் அல்லவா? மற்றொரு மருந்து மினாக்சிடில். இரத்த அழுத்தத்துக்குக் கொடுத்தார்கள். நோயாளிகளுக்குக் கண்ட இடத்தில் முடி முளைத்தது. குற்றத்தையே குணமாக்கி, 1988 முதல் தலையில் தடவும் திரவமாக விற்கிறார்கள். இதற்கும் அதே நிபந்தனை: விட்டால் போயிற்று.

மூன்றாவது வழி நடவு. பின்தலை முடி ஏன் கடைசி வரையில் விழுவதில்லை? அந்த மயிர்க்கால்களின் பிறவி அப்படி. அவற்றைத் தோண்டி முன்னால் நட்டாலும் பிறந்த வீட்டுக் குணம் மாறாது, புகுந்த இடத்திலும் கொட்டாது என்பதை நார்மன் ஓரன்ட்ரிச் என்ற நியூயார்க் டாக்டர் 1959-ல் எழுதிக் காட்டினார். கை தேர்ந்தவர்கள் செய்தால் நல்ல வைத்தியம். ஆனால் 2016-ல் சென்னையில் ஓர் இளைஞர், அதிலும் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை, இந்த நடவைச் செய்துகொண்டு சில நாளைக்குள் உயிரை விட்டார். அதைச் செய்த இடம் ஆஸ்பத்திரி அல்ல. சலூன் நடத்த உரிமம் வாங்கிய இடம். பெற்றவர்கள் அந்தப் பிள்ளையை டாக்டராகப் பார்க்கக் காத்திருந்திருப்பார்கள். நெற்றி ஓரத்து நாலு முடிக்காக உயிர் போவதென்றால், இது சிரித்துவிட்டுப் போகிற விஷயமாகத் தோன்றவில்லை.

எண்ணெயும் தைலமும் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, நெல்லி, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாவற்றையும் காய்ச்சித் தடவின பரம்பரை நாம். இலண்டனில் ஒரு காலத்தில் மக்காசர் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து சாய்ந்து மெத்தை கறையாகிப் போனதால், சாய்மானத்துக்கு வெள்ளைத் துணி போட ஆரம்பித்தார்கள். நம் சர்க்கார் ஆபீஸ்களில் பெரிய அதிகாரியின் நாற்காலி முதுகில் துண்டு தொங்குகிறதே, அதன் தாத்தா அது. எண்ணெய்க்குக் குணம் இல்லாமல் இல்லை. தேங்காயெண்ணெய் முடிக்குள் ஊறி, கழுவும்போது முடியின் புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது என்று 2003-ல் நம் நாட்டு ஆராய்ச்சியாளர்களே நிரூபித்தார்கள். முடி உடையாது, பளபளப்பாக இருக்கும். ஆனால் அந்த உபகாரமெல்லாம் வெளியே வந்துவிட்ட முடிக்குத்தான். உள்ளே மயிர்க்கால் சிறுத்துக்கொண்டு வருவதை எண்ணெய் கேட்காது.

அப்படியானால் தைலம் தடவி முடி வளர்ந்தவர்கள் பொய்யா சொல்கிறார்கள்? இல்லை. டைபாய்டு மாதிரி பெரிய காய்ச்சல் வந்து போனால் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். பிரசவத்துக்குப் பிறகு பெண்களுக்குக் கொட்டும். இரத்தத்தில் இரும்புச் சத்து குறைந்தாலும், தைராய்டு கெட்டாலும் கொட்டும். இவையெல்லாம் காரணம் நீங்கினால் ஆறு மாதத்திலோ ஒரு வருஷத்திலோ தானாகவே திரும்பி வளர்கிற வகை. அந்தச் சமயத்தில் எந்தப் புட்டி வீட்டில் இருந்ததோ அதற்குப் புகழ் போய்ச் சேரும். பரம்பரை வழுக்கைக்காரன் அதே புட்டியை வாங்கிப் பத்து வருஷம் தடவி, நாம்தான் சரியாகத் தேய்க்கவில்லை போலிருக்கிறது என்று தன்னையே நொந்துகொள்வான்.

ஜவ்வாது மலையாளிகள் காட்டில் சேகரித்துக் கீழே அனுப்புகிற பொருள்களில் தேன், புளி, கடுக்காய், நெல்லியோடு சீயக்காயும் உண்டு. முள் நிறைந்த கொடியில் ஏறிக் காயைப் பறித்து, வெயிலில் உலர்த்தி, மூட்டை கட்டுகிறார்கள். சமவெளியில் அதை அரைத்து, டப்பாவில் அடைத்து, மேலே இடுப்புக்குக் கீழே கூந்தல் தொங்குகிற பெண் படம் ஒட்டி, முடி கொட்டாது என்று எழுதி விற்கிறார்கள். மூட்டை கட்டுகிற மலையாளி அப்படி எழுதித் தரவில்லை. நுரைத்து அழுக்கு எடுக்கும் என்று மட்டும் அவனுக்குத் தெரியும். அது அப்படியே எடுக்கிறது.